பதில் வராவிட்டால் பிழை தீர்ந்துவிட்டதா?

கொஞ்சம் நீளமான பதிவு. ஐசிடி ஆசிரியர்களுக்கு மட்டும் உரியதல்ல, வினாத்தாள் தட்டச்சு செய்யும் எல்லோருக்கும் உரியது. பொறுமையாக வாசியுங்கள்.

இஸ்லாம் பாட வினாத்தாளில் ஒரே வரியில் தமிழும் வரும், அரபும் வரும். ஒன்று இடமிருந்து வலம், மற்றது வலமிருந்து இடம். அடைப்புக்குறியும் வசன இலக்கமும் இடம் மாறிப் போய் நிற்பதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். பீடீஎப்பிலிருந்து பிரதி செய்தால் 'கொழும்பு' என்பது 'ெகாழும்பு' ஆகிவிடுவது இன்னொரு தலையிடி. நாம் என்ன செய்கிறோம்? கையால் திருத்தி அச்சுக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த தவணையும் அதையே திருத்துகிறோம்.

லிப்ரே ஒபிஸ், பயர்பொக்ஸ் போன்ற திறந்த மூல மென்பொருள்கள் ஒவ்வொன்றுக்கும் எல்லோருக்கும் திறந்த ஒரு வழுப் பதிவேடு இருக்கிறது. பிழையைக் கண்ட யாரும் அதில் எழுதலாம், காசு தேவையில்லை. ஆனால் எழுதுபவர்கள் ஆயிரக்கணக்கில், பார்ப்பவர்கள் கொஞ்சப் பேர், அவர்களிலும் பலர் தொண்டர்கள். அதனால் பதிவேட்டு வேலைகளில் ஒரு பகுதியை இப்போது நிரல்களே செய்கின்றன. மொஸில்லா 2019இல் அறிமுகப்படுத்திய 'பக்பக்' என்ற கருவி பழைய முறைப்பாடுகளைப் படித்துப் பழகி, புதிதாக வருவது எந்தப் பிரிவுக்கு உரியது என்று பிரித்துக் கொடுக்கிறது. நிச்சயம் போதாவிட்டால் மனிதருக்கு விட்டுவிடும். நல்ல வேலை. கடிதங்களைப் பிரித்து உரிய மேசைக்கு அனுப்பும் பியோன் மாதிரி.

நமது கவலை, மேசைக்கு அனுப்புவதோடு நிற்காமல் கோப்பை மூடவும் செய்யும் நிரல்களைப் பற்றியது. குபெர்நெட்டிஸ் என்ற பெரிய திட்டத்தில் 90 நாள் யாரும் எதுவும் எழுதாவிட்டால் முறைப்பாட்டில் 'பழையது' என்று முத்திரை விழும். இன்னும் 30 நாளில் 'அழுகியது'. அதற்குப் பிறகும் 30 நாள் சத்தமில்லாவிட்டால் மூடப்படும். மனிதர் ஒருவர் இன்னும் பரிசீலித்து ஏற்காத முறைப்பாடுகளுக்கு இதுதான் நடைமுறை.

லிப்ரே ஒபிஸின் வழக்கம் வேறு. மேலதிகத் தகவல் கேட்டு, 6 மாதம் பதில் இல்லாவிட்டால் நினைவூட்டி, இன்னொரு மாதம் பார்த்துத்தான் மூடுகிறார்கள். இதை நாம் குறை சொல்ல மாட்டோம். 'வேலை செய்யவில்லை' என்று ஒரே வரி எழுதிவிட்டுப் போனவருக்காக ஒரு தொண்டர் எவ்வளவு காலம் காத்திருப்பது?

ஆனால் படிமுறையெல்லாம் எழுதி, மாதிரிக் கோப்பும் இணைத்த முறைப்பாடு, பார்க்க ஆளில்லை என்பதற்காக மட்டும் மூடப்படுவது அநியாயம். அங்கே மௌனமாக இருந்தது அவர்கள் பக்கம், தண்டனை மட்டும் எழுதியவருக்கு. ஆங்கிலத்தில் ஒரு எழுத்துப் பிழைத்தால் நாள் கெடு முடியுமுன் பத்துப் பேர் 'எனக்கும் இப்படித்தான்' என்று எழுதிவிடுவார்கள். தமிழும் அரபும் ஒரே வரியில் வரும் சிக்கலுக்கு உலகத்தில் எத்தனை பேர் வந்து எழுதப் போகிறார்கள்? நாம்தான்.

மூடியதை மீண்டும் திறக்கலாமே என்பார்கள். ஆங்கில மின்னஞ்சலை வாசித்து, கணக்கில் நுழைந்து, வாதாடித் திறப்பதற்குள் பலர் கைவிட்டுவிடுவார்கள். குபெர்நெட்டிஸிலேயே, தானாக மூடக்கூடாத முறைப்பாட்டில் 'உறைந்தது' என்று முத்திரையிட வழி உண்டு. மொழி, எழுத்துரு சார்ந்தவற்றுக்கு ஒரு மனிதர் பார்க்கும்வரை இப்படியான விலக்கை எல்லாத் திட்டங்களும் கொடுக்க வேண்டும் என்பதே நமது நிலைப்பாடு.

அது வரும்வரை நமது பக்கமும் வேலை இருக்கிறது. ஹாப்பஸ் என்ற எழுத்துக் கோக்கும் நிரலைத்தான் பயர்பொக்ஸ், லிப்ரே ஒபிஸ், அன்ட்ரொயிட் எல்லாம் பாவிக்கின்றன. அதில் ஒரு தமிழ்ப் பிழை திருத்தப்பட்டால் கைத்தொலைபேசி வரைக்கும் பயன் வரும். ஆகவே ஒருவர் முறைப்பாடு எழுதினால் அதன் இணைப்பை ஆசிரியர் வட்ஸ்அப் குழுவில் போடுங்கள். மற்றவர்கள் தங்கள் கணினியில் செய்து பார்த்து, பதிப்பு இலக்கத்தோடு 'இங்கும் வருகிறது' என்று எழுதுங்கள். உடைந்த ஆங்கிலம் போதும், திரைப்படம் ஒன்றை இணைத்தால் இன்னும் நல்லது. நிரலிடமிருந்து நினைவூட்டல் வந்தால் அதை ஸ்பாம் என்று தள்ளாதீர்கள், புதிய பதிப்பில் பார்த்துவிட்டு ஒரு வரி பதில் போடுங்கள்.

இணைக்கும் கோப்பில் பிள்ளைகளின் பெயரோ சுட்டெண்ணோ இருந்தால் முதலில் அழித்துவிடுங்கள். அந்தப் பதிவேட்டை உலகத்தில் யாரும் பார்க்கலாம்.