தரம் வென்றுவிடும் என்ற நம்பிக்கையும் ஹோம்பாடும்

உயர்தரமான பொருள் தாமதமாக வந்தாலும் மலிவான போட்டியாளர்களை வென்றுவிடும் என்ற நம்பிக்கை, ஆப்பிள் நிறுவனத்தின் தயாரிப்புகளைப் பொறுத்தவரை ஏறத்தாழ ஒரு விதியாகவே வழங்கிவருகிறது. ஹோம்பாட் என்னும் ஸ்மார்ட் ஸ்பீக்கர், அதாவது குரல் கட்டளையைக் கேட்டுப் பாட்டிசைக்கவும் பதிலளிக்கவும் வல்ல ஒலிபெருக்கி, 2017 ஜூனில் 349 டாலர் விலையோடு அறிவிக்கப்பட்டபோதும், ஐபாடும் ஐபோனும் பெற்ற வெற்றியே அதற்கும் உறுதி என்று வாதிடப்பட்டது.

அந்தச் சான்றுகளே இவ்வாதத்தை மறுக்கின்றன. 2001இல் 399 டாலருக்கு வந்த ஐபாட், மேக் கணினி வைத்திருந்தோருக்கு மட்டுமே பயன்பட்ட காலத்தில் பெருவெற்றி பெறவில்லை. விண்டோஸ் கணினிகளோடும் இணையத் தொடங்கி, 2003இல் ஐட்யூன்ஸ் மென்பொருளும் விண்டோஸுக்கு வந்து, அடுத்த ஆண்டு விலை குறைந்த ஐபாட் மினியும் வெளியான பிறகே அதன் விற்பனை பன்மடங்காகப் பெருகியது. 2007இல் 599 டாலருக்கு விற்ற ஐபோனின் விலையும் சில மாதங்களிலேயே 200 டாலர் குறைக்கப்பட்டது. ஆகவே தரத்தோடு திறந்த இணைப்பும் எட்டக்கூடிய விலையும் சேர்ந்தே அப்பொருள்களை மக்களிடம் கொண்டுசேர்த்தன என்பதை மறைத்துவிட்டு, தரம் ஒன்றையே காரணமாகக் காட்டுவது வரலாற்றைத் திரிப்பதாகும்.

ஹோம்பாடின் ஒலித்தரம் ஐயத்திற்கு அப்பாற்பட்டது. ஏழு ட்வீட்டர்களும், அதாவது உச்ச ஒலிகளை எழுப்பும் சிறு ஒலிபெருக்கிகளும், தாழ்ந்த ஒலிகளுக்கான வூஃபர் ஒன்றும் கொண்டு, தான் வைக்கப்பட்ட அறைக்கேற்பத் தன் ஒலியைத் தானே திருத்திக்கொள்ளும் நுட்பம் பாராட்டத்தக்கதே. ஆயினும் குரல் கட்டளையால் இயங்கும் கருவி வீட்டின் பல அறைகளிலும் இருந்தால்தான் பயன் நிறைவுறும். ஒரு ஹோம்பாடின் விலையில் அமேசானின் 50 டாலர் எக்கோ டாட் கருவிகள் ஏறத்தாழ ஏழு கிடைத்தன. 2018 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்த ஹோம்பாடிலோ, ஆப்பிள் மியூசிக் தவிர வேறு கட்டண இசைச் சேவையைக் குரலால் இயக்க முடியவில்லை. புளூடூத் வழியாகப் பிற போன்களின் பாட்டைக் கேட்கவும் வழியில்லை. சமையலறையில் இரண்டு பண்டங்களுக்கு ஒரே நேரத்தில் தனித்தனி டைமர் வைக்கும் வசதியும் பல மாதங்கள் கழித்தே வந்தது.

இது ஆப்பிளின் தனிப்பட்ட பிழை என்றும் தள்ளிவிட முடியாது. ஒலித்தரத்தையே முன்னிறுத்தி கூகுள் 399 டாலருக்கு விற்ற ஹோம் மேக்ஸ் 2020 இறுதியிலும், விலை 299 டாலராகக் குறைக்கப்பட்டிருந்த ஹோம்பாட் 2021 மார்ச்சிலும் கைவிடப்பட்டன; 99 டாலர் ஹோம்பாட் மினி மட்டும் தொடர்ந்தது. 2023இல் பெரிய ஹோம்பாட் திரும்பி வந்ததைக் காட்டி நம்பிக்கையாளர்கள் மீண்டும் வாதிடலாம். ஆனால் அப்போதும் அதை அமைப்பதற்கு ஐபோனோ ஐபேடோ தேவைப்பட்டது என்பதால், அது ஆண்ட்ராய்டு மட்டுமே புழங்கும் வீடுகளின் வாசலைத் தொடவே இல்லை.