காத்திருக்கும் காலத்துக்குக் கூலி யார் தருவது?

2023 ஏப்ரல் 26 அன்று பிட்ஸ்பர்க் நகரின் பிஎன்சி பார்க் பேஸ்பால் மைதானத்தில், எட்டாவது இன்னிங்ஸில் மாற்று ஆட்டக்காரராகக் களமிறங்கினார் ட்ரூ மாகி. வயது 33. 2010-இல் பைரேட்ஸ் அணி அவரை வருடாந்திரத் தேர்வின் 15-ஆவது சுற்றில் தேர்ந்தெடுத்தது. அதன் பிறகு பல அணிகளின் கிளை அணிகளில் மாறி மாறி 1,155 மைனர் லீக் ஆட்டங்களை ஆடிவிட்டுத்தான் மேஜர் லீகில் முதல் பந்தைச் சந்திக்க வந்திருந்தார். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. பந்துகளை அடிக்க முடியாமல் அவுட் ஆனார். மூன்று நாள் கழித்து வாஷிங்டனில் முதல் ஹிட் அடித்தார். அடுத்த சில நாள்களில் மறுபடியும் மைனர் லீகுக்கே அனுப்பப்பட்டார்.

விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாக இந்தக் கதையை அமெரிக்கப் பத்திரிகைகள் கொண்டாடின. கொண்டாட வேண்டிய கதைதான். ஆனால், அந்த 13 ஆண்டுகளும் ஒரு மனிதர் எதை வைத்துச் சாப்பிட்டிருப்பார், வாடகை எப்படிக் கட்டியிருப்பார் என்ற கேள்வியும் கூடவே எழ வேண்டும். தொழில்முறை பேஸ்பால் ஆட்டக்காரராவதற்கு என்ன தேவை என்று யாராவது கேட்டால், கை வலிமையையும் கண் கூர்மையையும் சொல்வார்கள். பல ஆண்டுகள் காத்திருக்கும் வசதியும் தேவை என்பதை யாரும் சொல்வதில்லை.

இந்த விளையாட்டுக்கு இவ்வளவு காலம் ஏன் பிடிக்கிறது? பந்தை எறியும் பிட்சர் நிற்கும் இடத்துக்கும் பேட்டருக்கும் இடையே 60 அடி 6 அங்குலம். மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் வரும் பந்து ஏறத்தாழ 0.4 வினாடியில் வந்துவிடும். அது நேராக வருமா, கடைசி நேரத்தில் கீழே இறங்குமா, வெளியே விலகுமா என்பதை அதில் பாதி நேரத்துக்குள் முடிவு செய்ய வேண்டும். கிரிக்கெட் மட்டையைப் போலத் தட்டையான முகமும் கிடையாது. உருண்டைக் கட்டையால் உருண்டைப் பந்தை அடித்தாக வேண்டும். பத்து முறையில் மூன்று முறை ஹிட் அடிப்பவர் சிறந்த பேட்டர் என்று பெயரெடுக்கிறார். இந்தத் திறமை வலைப்பயிற்சியில் வந்துவிடாது; நல்ல பிட்சர்களுக்கு எதிராக ஆயிரக்கணக்கான முறை நின்று பழக வேண்டும். கூடைப்பந்தின் உச்சத்தில் இருந்தபோதே அதிலிருந்து விலகி, 1994-இல் பர்மிங்ஹாம் பாரன்ஸ் என்ற மைனர் லீக் அணிக்கு ஆட வந்த மைக்கேல் ஜோர்டனின் பேட்டிங் சராசரி .202. அவருக்கு உடல் வலுவும் இருந்தது, உழைப்பும் இருந்தது. இல்லாமல் போனது, மற்றவர்கள் பதினெட்டு வயதிலிருந்து நின்று பழகிய ஆண்டுகள்.

அந்த ஆண்டுகள் இல்லாமலே வந்த இன்னும் இருவர் இந்தியர்கள். உத்தரப் பிரதேசத்தின் ஈட்டி எறியும் இளைஞர்கள் ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் 2008-இல் ஒரு தொலைக்காட்சிப் போட்டியின் வழியே பைரேட்ஸ் அணியில் ஒப்பந்தமானார்கள். 2014-இல் வந்த ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ படம் அவர்களின் கதை. ஒப்பந்தம் கிடைப்பதையே வெற்றியாகக் காட்டிப் படம் முடிகிறது. உண்மையில் ஆட்டம் தொடங்குவதே அதற்குப் பிறகுதான். தினேஷ் 2010-இல் விடுவிக்கப்பட்டார். ரிங்கு மைனர் லீகின் கீழ்நிலைகளில் ஒன்றான சிங்கிள்-ஏ வரை ஏறினார். முழங்கைக் காயத்துக்குப் பிறகு மல்யுத்தப் பொழுதுபோக்கு நிறுவனமான டபிள்யூடபிள்யூஇ-க்குப் போய்விட்டார். அடித்தட்டு அணிகளில் இப்படித்தான் பெரும்பாலானவர்களின் பயணம் நின்றுபோகிறது.

அந்த அடித்தட்டில் கிடைத்த கூலி வெட்கக்கேடானது. 2022-இல்கூட, மேஜர் லீகுக்கு ஒரு படி கீழே இருக்கும் டிரிபிள்-ஏ ஆட்டக்காரருக்கே ஆண்டுக்குக் குறைந்தபட்சம் 17,500 டாலர்தான். சிங்கிள்-ஏவில் 11,000. பயிற்சி முகாமில் உழைத்த வாரங்களுக்குச் சம்பளமே கிடைக்கவில்லை. ஒரே வீட்டில் நெருக்கியடித்துத் தங்கியவர்களும், குளிர்காலத்தில் கிடைத்த வேலைக்குப் போனவர்களும் ஏராளம். இதை எதிர்த்து 2014-இல் ஆரன் சென் என்ற முன்னாள் மைனர் லீக் ஆட்டக்காரர் வழக்குத் தொடுத்தார். வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2018-இல், 2,000 பக்கத்துக்கும் மேற்பட்ட செலவின மசோதா ஒன்றுக்குள் ஒரு பிரிவைச் செருகி அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றியது. எத்தனை மணி நேரம் உழைத்தாலும் வாரத்துக்கு 40 மணி நேரக் குறைந்தபட்சக் கூலி போதும், சீசன் இல்லாத மாதங்களுக்கு அதுவும் தேவையில்லை என்றது அது. கோடிக்கணக்கில் சம்பாதிக்கும் 30 அணிகளின் முதலாளிகளுக்காக இருபது வயதுப் பையன்களின் கூலியில் கைவைத்த சட்டம் அது.

ஆனாலும் வழக்கு நிலைத்தது. 2022-இல் 18.5 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. அதே ஆண்டு மைனர் லீக் ஆட்டக்காரர்கள் மேஜர் லீக் ஆட்டக்காரர்களின் சங்கத்தில் சேர்ந்தார்கள். 2023-இல் முதல் ஒப்பந்தம் கையெழுத்தானது. டிரிபிள்-ஏவின் குறைந்தபட்சச் சம்பளம் 35,800 டாலர், சிங்கிள்-ஏ 26,200. அதே ஆண்டு மேஜர் லீகின் குறைந்தபட்சச் சம்பளம் 7,20,000 டாலர் என்பதோடு ஒப்பிட்டால் இது இன்னமும் சொற்பம்தான். இருந்தாலும், வாடகைக் கவலை இல்லாமல் பந்தைப் பார்க்கப் பல பையன்களால் இப்போது முடிகிறது.

இந்த வெற்றிக்குப் பக்கத்திலேயே கதவும் குறுகிவிட்டது என்பதுதான் கவலை. 2021-இல் கிளை அணிகளின் எண்ணிக்கை 160-லிருந்து 120 ஆனது. 40 சுற்றுகளாக இருந்த வருடாந்திரத் தேர்வு 20 ஆகச் சுருங்கியது. மைக் பியாஸாவை, அதைவிடவும் அதிகச் சுற்றுகள் இருந்த 1988-இல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் எடுத்தது 62-ஆவது சுற்றில், 1,390-ஆவது ஆளாக. அதுவும் அவருடைய அப்பாவின் நண்பர் டாமி லசோர்டா அணியின் மேலாளராக இருந்ததால். கேட்சராக மாறினால்தான் எதிர்காலம் என்றதும் பியாஸா டொமினிகன் குடியரசில் இருந்த டாட்ஜர்ஸ் பயிற்சிக் கூடத்துக்குப் போய்ப் பழகினார். கேட்சராக 396 ஹோம் ரன் அடித்தார். 2016-இல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றார். இன்றைய 20 சுற்றுக்குள் அவர் பெயரை யார் வாசித்திருப்பார்கள்? பதினெட்டு வயதில் ஒருவரைப் பார்த்து அவரது முப்பது வயதைக் கணிப்பதில் தேர்வாளர்கள் தவறுவது புதிதல்ல. 703 ஹோம் ரன் அடித்த ஆல்பர்ட் புஹோல்ஸுக்கு முன்னால் 401 பேரை எடுத்தவர்கள் அவர்கள். அப்படிப்பட்ட கணிப்பை நம்பி வாய்ப்புகளைப் பாதியாகக் குறைத்தது பெரும் தவறு.

பியாஸா பழகிய அந்த டொமினிகன் குடியரசில் இன்று 30 அணிகளுக்கும் பயிற்சிக் கூடங்கள் இருக்கின்றன. ஒப்பந்தம் செய்ய 16 வயது போதும் என்பதால், பையன்கள் பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே பள்ளியை விட்டு ‘புஸ்கோன்’ எனப்படும் தனியார் பயிற்சியாளர்களிடம் போய்விடுகிறார்கள். ஒப்பந்தப் பணத்தில் பெரும் பங்கு அந்தப் பயிற்சியாளருக்குப் போகிறது. டேவிட் ஓர்டிஸ், பெட்ரோ மார்ட்டினஸ் போன்ற மேஜர் லீக் நட்சத்திரங்களைத் தந்த நாடு அது. ஆனால் டொமினிகன் கோடைக்கால லீகில் ஆடும் பையன்களுக்கு 2023 ஒப்பந்தம் பொருந்தாது. சங்கத்தின் பேரம் பேசும் எல்லைக்குள் அவர்கள் இல்லை. அந்த ஒப்பந்தம் 2027 சீசனோடு முடிகிறது. அடுத்த பேச்சுவார்த்தையில் சங்கம் முதலில் கேட்க வேண்டியது அந்தப் பதினாறு வயதுப் பையன்களுக்கான இடத்தை. இரண்டாவதாக, வெட்டப்பட்ட தேர்வுச் சுற்றுகளை.