எது தேய்ந்தது என்று குனிந்து பார்த்தீர்களா?



போன மாதம் காந்திபுரத்தில் ஒரு கடை முன்னால் சைடு ஸ்டாண்டு போட்டு நிறுத்தியிருந்த என் வண்டி, தானாகவே இடது பக்கம் சாய்ந்து விழுந்தது. ஒரு முழம் தள்ளி ஒரு குழந்தை நின்றிருந்தது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

தப்பு என்னுடையதுதான். ஸ்டாண்டு லொடலொடவென்று ஆடுவது இரண்டு மாதமாகத் தெரியும். அதற்கு முன்பே ஒரு சர்வீஸ் சென்டரில் காட்டியும் இருந்தேன். அங்கிருந்த பையன் குனியக்கூட இல்லை. "ஸ்டாண்டு போயிருச்சுங்க சார், புதுசு மாத்தீரலாமுங்க" என்றான். மாற்றினான், காசு கொடுத்தேன். பத்தே நாளில் பழைய ஆட்டம். திரும்பப் போனால், "வண்டியே பழசுங்க, எக்ஸ்சேஞ்சுல குடுத்துருங்க" என்கிறான்!

வண்டி விழுந்த மறுநாள் கணபதியில் லேத் வைத்திருக்கும் என் பழைய மாணவனிடம் போனேன். ஸ்டாண்டைக் கழற்றிக் கையில் கொடுத்தான். போல்ட்டு நடுவில் தேய்ந்து இடுப்பு ஒடுங்கியிருந்தது. சேசிஸில் அது மாட்டும் துளை வட்டம் போய் முட்டையாகியிருந்தது. அதில் எத்தனை புது ஸ்டாண்டு மாட்டினாலும் ஆடத்தானே செய்யும்? துளையைச் சரியாக்கி, புஷ் அடித்து, அளவுக்குப் புது போல்ட்டு கடைந்து, கிரீஸ் வைத்துக் கொடுத்தான். ஸ்பிரிங்கை மட்டும் தூக்கி எறிந்தான். "இதையெல்லாம் ரிப்பேர் பண்ணக் கூடாதுங்க சார். இழுவை போச்சுன்னா மாத்தித்தான் ஆகோணும். ஓட்டும்போது ஸ்டாண்டு கீழ எறங்கி, இடது பக்கம் திரும்பையில தரையில இடிச்சா ஆளே போயிருவாங்க."

இதைத்தான் சொல்ல வருகிறேன். எல்லாவற்றையும் ஒட்டுப்போட்டு ஓட்டுங்கள் என்று சொல்லவில்லை. எது தேய்ந்தது என்று பார்த்த பிறகு, சரிசெய்வதா மாற்றுவதா என்று முடிவு பண்ணுங்கள் என்கிறேன். பார்க்காமல் மாற்றுவது வேலை தெரிந்தவன் செய்வது அல்ல. அதற்குப் பெயர் வியாபாரம்.

ஜி.டி. நாயுடு ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டுத் தானே மாட்டிக் கற்றுக்கொண்ட மண் இது. பம்ப்செட்டும் கிரைண்டரும் செய்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறோம். நமக்கு ஒரு போல்ட்டைக் கழற்றிப் பார்க்கப் பொறுமை இல்லையா? பொருளைப் பழுதுபார்ப்பது வாங்கியவரின் உரிமை என்று மத்திய அரசே 2022 டிசம்பரில் தனி இணையதளம் திறந்தது. உரிமை இருந்து என்ன, நாம் கேட்டால்தானே?

"நேரமில்லை சார், புதுசே லாபம்" என்பீர்கள். என் கணக்கைப் பாருங்கள்: புது ஸ்டாண்டுக்குக் கொடுத்த காசு தண்டம், ஆட்டமும் போகவில்லை.

இன்னொன்று. ஸ்டாண்டு இறங்கியிருந்தால் இன்ஜினை நிறுத்தும் சென்சார் பல புது வண்டிகளில் வருகிறது. அது மக்கர் பண்ணினால் வயரை வெட்டி முறுக்கிவிடுகிறார்கள். அதை ரிப்பேர் என்று சொல்லாதீர்கள்.

அந்த லேத்துக்காரப் பையன் எட்டாம் வகுப்பில் கணக்கில் திணறியவன். "இது தேறாது" என்று எழுதி வைத்தவன் நான்தான். எங்கே இடறுகிறான் என்று அன்று நானும் குனிந்து பார்க்கவில்லை. போன வாரம் அவனிடமே இதைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "டீ சாப்புடுங்க சார்" என்றான்.

இன்றைக்கே உங்கள் வண்டி ஸ்டாண்டை ஒருமுறை கையால் ஆட்டிப் பாருங்கள். சைடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டிமேல் ஏறி உட்கார்ந்து பேசாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்