சிரட்டைத் தேநீரும் விசர்நாய்ப் பட்டமும்

மன்னார்ப் பட்டினமாகட்டும், பேசாலையாகட்டும், தலைமன்னாராகட்டும், தேநீர்க்கடை வாசலில் ஒரு நாயேனும் படுத்திருக்கும். குடித்து மிஞ்சிய தேநீரைச் சிரட்டையில் ஊற்றி, பிஸ்கற் ஒன்றையும் நனைத்து அதன்முன் வைப்பவரை நாம் இரக்கசாலி என்கிறோம். நான் அதை மறுக்கிறேன். அது அறியாமை.

"வாயில்லாச் சீவனுக்கு ஒரு வாய் தேத்தண்ணி கொடுத்தால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு வாய்த் தேநீரால் வளர்ந்த நாய் இறந்துவிடாது; ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சுவைக்குப் பழகிய நாய் நாளை எதைத் தேடிப் போகும்?

கணக்கைப் பாருங்கள். நாயின் உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 20 மில்லிகிராம் கஃபீன் சேர்ந்தாலே நஞ்சின் அறிகுறிகள் தோன்றலாம். 60 மில்லிகிராம் அளவில் வலிப்பு வரும். 140 மில்லிகிராம் என்பது பாதி நாய்களேனும் மடியும் அளவு. 250 மில்லிலீற்றர் எனர்ஜி டிரிங்க் ரின்னில் ஏறத்தாழ 80 மில்லிகிராம் கஃபீன் உண்டு. நான்கு கிலோக் குட்டிக்கு அதுவே போதும். 100 கிராம் தேயிலைப் பொட்டலத்தில் இரண்டு கிராமுக்கு மேல் இருக்கும். பத்துக் கிலோ நாயைக் கொல்ல 1.4 கிராம் போதுமே! புலம்பெயர்ந்த உறவுகள் பெட்டி நிறையக் கொண்டுவரும் கண்டோசிலோ கஃபீனின் உடன்பிறப்பான தியோபுரோமின் இருக்கிறது. அதில் பாதியை வெளியேற்றவே நாயின் உடலுக்குப் பதினேழு மணித்தியாலம் வேண்டும்.

இதைவிடக் கொடிய ஆபத்து ஒன்றுண்டு. கஃபீன் ஏறிய நாய் நிலைகொள்ளாது ஓடும், மூச்சிரைக்கும், வாய் நீர் வடியும், உடல் நடுங்கும், வலிப்பும் வரும். நம்மவர் கண்ணுக்கு அது என்ன? விசர் நாய்! உடனே கல்லும் பொல்லும் எழும். தெருநாய்களைக் கொல்வதில்லை என்று 2006இல் அரசு முடிவெடுத்த நாட்டில், நாமே நஞ்சூட்டி நாமே தீர்ப்பும் எழுதுவதா?

விசர்நோய் மெய்யாகவே உள்ள நாடு இது. ஆகவே அத்தகைய நாயைத் தொடாதீர்கள், அடிக்கவும் வேண்டாம். மிருக வைத்தியரை அழையுங்கள். இந்த நஞ்சுக்கு மாற்றுமருந்து கிடையாது. விரைவாகச் சென்றால் வாந்தி எடுக்கச்செய்தும் கரிமருந்து கொடுத்தும் வலிப்பை அடக்கியும் காப்பாற்ற முடியும்.

கடைக்காரரே, தேயிலைச் சக்கையைத் தெருவோரம் கொட்டாமல் மண்ணில் புதையுங்கள். மன்னார் வெயிலில் நாய் கேட்பது தேநீரை அன்று. அந்தச் சிரட்டையில் தண்ணீர் ஊற்றுங்கள். அதுதான் இரக்கம்.