கையில் ஒரு கேள்வியோடு புறப்படுங்கள்



இன்று உயர்நிலைப் பள்ளியில் பயிலும் நீங்கள் நாளை கல்லூரிக்குப் போவீர்கள். அங்கே ‘மாணவர் பரிமாற்றம்’ என்ற சொல்லைக் கேட்பீர்கள். சொந்தக் கல்லூரியின் மாணவராக இருந்துகொண்டே ஒரு செமஸ்டர் மட்டும் வேறு நாட்டுப் பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்புவது என்று இதற்குப் பொருள். அங்கே தேறும் பாடங்கள் இங்கே கணக்கில் சேரும். பட்டம் தருவது சொந்தக் கல்லூரிதான். ஐரோப்பாவில் 1987-இல் ‘எராஸ்மஸ்’ என்ற பெயரில் தொடங்கிய திட்டத்தில் முதல் ஆண்டிலேயே 11 நாடுகளைச் சேர்ந்த 3,200-க்கும் மேற்பட்ட மாணவர்கள் இப்படிப் போய் வந்தார்கள். நம் நாட்டு ஐ.ஐ.டி.க்களும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு இத்தகைய ஒப்பந்தங்கள் செய்துள்ளன.

இதைப்பற்றி எங்கள் வண்ணார்பேட்டைப் பக்கம் இரண்டு விதமாகப் பேசுவார்கள். “அதெல்லாம் வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு” என்பார் ஒருவர். “அங்கே போனால்தான் அறிவு வளரும்” என்பார் மற்றவர். இரண்டையுமே நான் ஏற்கவில்லை. காரணத்தை ஒரு வரலாற்றின் வழியாகச் சொல்கிறேன்.

சென்னை மாநிலக் கல்லூரியில் சந்திரசேகர் என்ற மாணவர் படித்துவந்தார். 1928-இல் ஜெர்மானிய இயற்பியலறிஞர் சோமர்ஃபெல்டு அங்கே சொற்பொழிவாற்ற வந்தார். சந்திரசேகர் அவரை நேரில் போய்ப் பார்த்தார். தாம் விரும்பிப் படித்திருந்த அணுக் கொள்கை பழையதாகிவிட்டது, புதிய குவாண்டம் இயக்கவியல் பிறந்துவிட்டது என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அவர் சோர்ந்துவிடவில்லை. புதியதைத் தாமே கற்று, சென்னையிலிருந்தே ஆய்வுக் கட்டுரை எழுதினார்.

1930 ஜூலை இறுதியில் பம்பாயில் கப்பலேறியபோது அவருக்கு வயது 19. வெண்குறு விண்மீன்கள் என்ற அடர்த்தி மிகுந்த விண்மீன்களைப் பற்றிய கேள்வி மனத்தில் இருந்தது. அவற்றுள் எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கினால் என்ன ஆகும்? பயணத்தின்போதே கணக்கிட்டுப் பார்த்தார். இத்தகைய விண்மீனின் நிறைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்ற விடை கிடைத்தது. சூரியனைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்கு என்று அந்த வரம்பை இன்று சொல்கிறோம். கேம்பிரிட்ஜில் காலடி வைக்கும் முன்பே வேலை தொடங்கிவிட்டது, பார்த்தீர்களா?

பிறகு நடந்ததுதான் நம் பொருளுக்கு மிக நெருங்கியது. கேம்பிரிட்ஜ் மாணவராக இருந்துகொண்டே 1931 கோடையில் ஜெர்மனியின் கோட்டிங்கனுக்குப் போனார். மூன்றாம் ஆண்டை, டிராக் சொன்ன யோசனைப்படி, டென்மார்க்கின் கோபன்ஹேகனில் நீல்ஸ் போரின் ஆய்வுக்கூடத்தில் கழித்தார். ஆனால் 1933-இல் டாக்டர் பட்டம் கேம்பிரிட்ஜில்தான் பெற்றார். மூன்று ஊர்களிலும் இயற்பியல் ஒன்றுதான். கேள்வி கேட்கும் முறையும் விவாதிக்கும் பழக்கமும் ஊருக்கு ஊர் வேறு. வெளியே போவதில் கிடைக்கும் பெரிய லாபம் இதுவே.

அங்குள்ளோர் சொல்வதெல்லாம் வேதம் என்று எண்ணிவிடவும் கூடாது. 1935 ஜனவரியில் இலண்டன் வானியல் கழகத்தில் எடிங்டன் என்ற பேரறிஞர் சந்திரசேகரின் வரம்பை எல்லார் முன்னிலையிலும் மறுத்தார். பிற்காலத்தில் சந்திரசேகர் சொன்னதே சரி என்று உறுதியாயிற்று. 1983-இல் நோபல் பரிசும் வந்தது.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. நோயுற்றிருந்த தாயார் சீதாலட்சுமிதான் அவரைப் போகும்படி ஊக்கினார். 1931 மே மாதம் தாயார் காலமானபோது மகன் கடல்களுக்கு அப்பால் இருந்தார். பிரிவின் சுமையையும் எண்ணிப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். ஒரே செமஸ்டரில் திரும்பிவிடும் பரிமாற்றத்தில் அந்தச் சுமை குறைவு என்பதும் அதன் சிறப்பு.

சரி, நெல்லை மாணவர் எந்தக் கேள்வியைக் கொண்டுபோவது? மதுரை சாலையில் கயத்தாறு வரை போய்ப் பாருங்கள். தென்மேற்குப் பருவக்காற்றில் காற்றாலைகள் சுழலும். அங்குள்ள சோதனை நிலையம் டென்மார்க்கின் உதவியோடு அமைந்தது. டென்மார்க் தன் மின்சாரத்தில் பாதிக்கும் மேல் காற்றிலிருந்து பெறுகிறது. காற்று ஓய்ந்த நாளில் அண்டை நாடான நார்வேயின் நீர்மின்சாரமும் அதற்குக் கைகொடுக்கிறது. நமக்கோ பாபநாசத்திலேயே நீர்மின் நிலையம் இருக்கிறது. இரண்டையும் இணைத்து எவ்வளவு தூரம் பயன்பெறலாம்? இந்தக் கேள்வியோடு போகிறவர் அங்கே வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்; திரும்பும்போது வெறுங்கையோடும் வரமாட்டார்.

இனிப் பணம். பரிமாற்ற ஒப்பந்தம் இருந்தால் பெரும்பாலும் அங்கே தனிக் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் விமானக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு ஆகியவை மாணவர் தலையில் விழும். கட்டணத்தை நீக்கிவிட்டு வழிச்செலவுக்குக் கைவிரித்தால், ஏழை மாணவருக்குக் கதவு திறந்தும் மூடியதுபோலத்தான். வழிச்செலவுக்கும் உதவித்தொகை தருவது அரசின், கல்லூரிகளின் கடமை என்பேன். பரிமாற்றம் என்றால் வருவதும் உண்டு. ஒரு சோமர்ஃபெல்டு சென்னைக்கு வந்ததால் ஒரு மாணவரின் பாதையே மாறியது. தாமிரபரணிக் கரைக் கல்லூரிகளுக்கும் வெளிநாட்டு மாணவர்களும் ஆசிரியர்களும் வரவேண்டும்.

கடவுச்சீட்டு பிறகு வாங்கிக்கொள்ளலாம். இன்றே ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். வகுப்பிலும் வயலிலும் ஆற்றங்கரையிலும் உங்களுக்குத் தோன்றும் கேள்விகளை எழுதிவையுங்கள். நான்கு ஆண்டு கழித்தும் விடை கிடைக்காமல் எந்தக் கேள்வி நிற்கிறதோ, அதுவே நீங்கள் எங்கே போகவேண்டும் என்று சொல்லிவிடும்.