உடைப்பும் கூடைக் கணக்கும்

எங்கேனும் கரை உடைந்து ஊர் மூழ்கிய செய்தி வந்தால், அதன் பின்னாலேயே ஓர் அபிப்பிராயமும் தவறாமல் வந்து சேருகிறது: மண்ணுக்குப் பஞ்சமில்லை, ஆளுக்கும் பஞ்சமில்லை, அடைக்க வேண்டுமென்ற சிரத்தைதான் சர்க்காருக்கு இல்லை என்பது அது. வைகை உடைத்துக்கொண்டபோது வீட்டுக்கு ஓர் ஆள் வந்து மண் போட வேண்டுமென்று பாண்டியன் ஆணையிட்டதையும், பிட்டு விற்ற வந்தியின் பங்குக்குச் சொக்கநாதரே கூலியாளாக வந்து நின்றதையும் கேட்டு வளர்ந்த நமக்கு, உடைப்பை அடைப்பது வெறும் கூடைக் கணக்காகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆயினும் 1953-ல் நெதர்லாந்தின் தென்மேற்குத் தீவுகளில் நடந்த வேலையைச் சற்றே நிதானமாகக் கவனித்தால், இந்த அபிப்பிராயத்தின் ஒவ்வொரு காலும் ஆட்டம் காண்பது புலப்படும்.

அவ்வாண்டு ஜனவரி 31-ஆம் தேதி இரவு, பௌர்ணமியை ஒட்டிய பேரோதத்தோடு வடமேற்குப் புயலும் சேர்ந்து வடகடலை அந்தத் தாழ்ந்த தேசத்தின் மேல் ஏவியது. நூற்றுக்கணக்கான இடங்களில் கரைகள் உடைந்தன. 1,836 பேர் மாண்டனர். இவர்களில் பலரைக் கொன்றது முதல் ஓதமன்று, மறுநாள் பகலில் திறந்த உடைப்புகளின் வழியே தடையின்றி ஏறிவந்த இரண்டாவது ஓதமே. அப்படியானால் உடனே அடைத்திருக்க வேண்டியதுதானே என்று கேட்பவர்களுக்கு, அடைக்க முடிந்த இடங்களில் அடைக்கவும் செய்தார்கள் என்பதே விடை. பிப்ரவரி 1-ஆம் தேதி விடியுமுன், நியூவெர்கெர்க் என்ற ஊரின் அருகே ஐஸல் ஆற்றங்கரையில் பதினைந்து மீட்டர் அளவில் வாய் திறந்தபோது, அரீ எவெக்ரூன் என்ற படகோட்டி ‘இரு சகோதரர்கள்’ என்னும் தம் சரக்குப் படகை அந்த வாயிலேயே கொண்டுபோய்க் குறுக்கே நிறுத்தினார். பிரவாகமே படகைக் கரையோடு சேர்த்து அழுத்திக்கொண்டது; லட்சக்கணக்கானவர்கள் வாழும் தென் ஹாலந்தின் பள்ளநிலம் தப்பியது. மற்ற இடங்களிலும் சிறிய உடைப்புகளைச் சிப்பாய்களும் மாணவர்களும் கிராமத்தாரும் மணல்மூட்டைகளைக் கொண்டே மூடினார்கள். ஆகவே துணிவும் ஆட்களும் போதும் என்ற கூற்று, உடைப்பு பிறந்த முதல் சில மணி நேரத்துக்கு மட்டும் மெய்தான். அந்த அளவுக்கு அதை நான் மறுக்கவில்லை.

அந்த நேரம் கடந்த பிறகு காரியத்தின் இயல்பே மாறிவிடுகிறது. ஆற்று உடைப்பில் நீர் ஒரு திசையில் பாயும். வெள்ளம் வடிந்தால் அதன் வேகமும் வடியும். கடற்கரை உடைப்பிலோ, ஓதம் ஏறும்போது உள்ளே பாய்ந்த அத்தனை நீரும் இறங்கும்போது வெளியே பாய்ந்தாக வேண்டுமாதலால், நாளொன்றுக்கு நான்கு முறை அந்த வாயின் இரு ஓரங்களும் அடித்தரையும் அறுபடுகின்றன. வாய் அகல அகல உள்ளே புகும் நீர் மிகுகிறது, நீர் மிக மிக வாய் மேலும் அகலுகிறது. ஸ்கெல்ப்ஹூக் என்ற இடத்தில் இப்படியே வளர்ந்த உடைப்பு 500 மீட்டருக்கு மேல் அகன்று, 30 மீட்டருக்கு மேல் ஆழம் கண்டது. பத்து மாடிக் கட்டடம் ஒன்றை நிறுத்தி வைத்தால் தலை தெரியாமல் மூழ்கும் அந்தப் பள்ளத்தில் கூடை கூடையாக மண்ணைக் கொட்டுவது, கடலுக்கு மண் தானம் செய்வதேயாகும்.

இவ்விடத்தில் இன்னொரு நம்பிக்கையும் குறுக்கிடுகிறது: கரை எங்கே இருந்ததோ அங்கேயே அதைத் திரும்பக் கட்டுவதுதான் செப்பனிடுதல் என்பது. மனத்துக்கு இது நியாயமாகப் படுகிறது. உட்புறமாகப் பின்வாங்கிக் கட்டினால் கைவிடப்படும் நிலம் ஒருவருடைய வயலாகவோ வீட்டடியாகவோதான் இருக்கும். ஆனால் ஸ்கெல்ப்ஹூக்கில் பொறியாளர்கள் பழைய கரையின் தடத்தைக் கைவிட்டு, நிலத்தின் உட்புறமாகப் பின்வாங்கி, பள்ளத்தைச் சுற்றி வளைத்துப் புதிய கரையொன்றை எழுப்பினார்கள். அதன் கடைசி வாய் ஆகஸ்டு மாதத்தில் மூடப்பட்டது. நிலத்தை இழந்தோம் என்று குறைப்பட்டுக்கொண்டவர்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் துயரம் பொய்யன்று. எனினும் ஆழம் கண்ட இடத்தில் பிடிவாதம் பிடித்திருந்தால், எஞ்சிய தீவும் அடுத்த குளிர்காலப் புயலுக்குத் திறந்தே கிடந்திருக்கும்.

கரையின் இரு முனைகளும் நெருங்கிவரும் கடைசிக் கட்டத்தைப் பற்றித்தான் பொதுஜன அபிப்பிராயம் பெரிதும் ஏமாறுகிறது. ‘முக்கால்வாசி அடைத்துவிட்டார்கள், மீதி நாலு நாள் வேலை’ என்று கரையில் நின்று பார்ப்பவர் சொல்லுவார். உண்மையில் வாய் குறுகுந்தோறும் அதே நீர் சிறிய வழியில் முண்டியடிக்க வேண்டியிருப்பதால் வேகம் ஏறுகிறது; கடைசி இடைவெளியே எல்லாவற்றிலும் கொடியது. அதனால் முதலில் வில்லோ மரத்தின் மெல்லிய கிளைகளை முடைந்து அகன்ற பாய்களாக்கி, இழுவைப் படகுகளால் இடத்துக்குக் கொண்டுசென்று, கற்களை ஏற்றி அடித்தரையில் அமிழ்த்துவார்கள். தரை அரிக்கப்படாமல் காப்பது அந்தப் பாய். பின்பு ஓதம் ஏறாமலும் இறங்காமலும் தயங்கி நிற்கும் சொற்ப நேரத்துக்குள், மிதந்துவரும் ராட்சத சிமெண்டுப் பெட்டியைச் சரியான கோணத்தில் நிறுத்தி, நீர் புகவிட்டு மூழ்கச் செய்ய வேண்டும். நேரம் தவறினால் பெட்டி திரும்பிக்கொள்ளும், அல்லது தரை அறுந்து சாய்ந்துவிடும். இந்த வித்தையை அவர்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 1944 அக்டோபரில் நேசநாட்டு விமானங்கள் வால்கெரன் தீவின் கரைகளைக் குண்டு வீசித் தகர்த்தபின், அந்த உடைப்புகளை 1946 தொடக்கம்வரை போராடி மூடியபோது கைவந்த பாடம் அது. நார்மண்டியில் தற்காலிகத் துறைமுகம் அமைப்பதற்காகச் செய்யப்பட்ட ‘ஃபீனிக்ஸ்’ பெட்டிகளில், சுமார் 60 மீட்டர் நீளமுள்ள நான்கு பெட்டிகளைக் கொண்டுதான் ஔவெர்கெர்க் என்ற ஊரில் எஞ்சிய கடைசி உடைப்பு 1953 நவம்பர் 6-ஆம் தேதி இரவில் மூடப்பட்டது. ஒன்பது மாதமா என்று முகம் சுளிப்பவர்கள், அதற்குள் மற்ற உடைப்புகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு முடிந்திருந்ததையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எப்பாடுபட்டாவது உடனடியாக அடைப்பதே எப்போதும் நன்மை என்பதும் ஆராயாத முடிவுதான். 2005 ஆகஸ்டு 29-ஆம் தேதி காத்ரீனா புயலில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் பதினேழாம் தெருக் கால்வாயின் சுவர் சரிந்தபோது, ஹெலிகாப்டர்களிலிருந்து பிரம்மாண்டமான மணல்மூட்டைகளைப் போட்டும் வாய் லேசில் அடைபடவில்லை. செப்டம்பர் 5-ஆம் தேதிதான் மூடினார்கள். ஆனால் அதற்கு நாலைந்து நாள் முன்பே அந்தக் கால்வாய் சேரும் ஏரியின் நீர்மட்டமும் தெருவின் நீர்மட்டமும் சமமாகிவிட்டிருந்தன. அந்நிலையில், கிண்ணம் போன்ற அந்நகரத்தில் உடைப்பை மூடுவது வெள்ளத்தை உள்ளேயே சிறைவைப்பதாகவும் முடியலாம்; வேறு சில பகுதிகளில் ராணுவப் பொறியாளர்கள் நல்ல கரைகளைத் தாங்களே வெட்டித் திறந்து நீரை வடித்ததன் காரணம் இதுவே. பட்டணத்தில் நின்ற நீரை இறைத்து முடிக்க அக்டோபர் மாதம் ஆயிற்று.

மூடியாயிற்று, இனிக் கவலையில்லை என்பதும் அப்படித்தான். அதே நகரத்தில் தொழிற்கால்வாயின் உடைப்பை அவசரமாக அடைத்த தற்காலிகக் கரையின் மேல், ஒரு மாதத்துக்குள், செப்டம்பர் 23-ஆம் தேதி, ரீட்டா புயல் தள்ளிய நீர் வழிந்து ஒன்பதாம் வட்டாரத்தை மறுபடியும் மூழ்கடித்தது. நெதர்லாந்திலும் பல கரைகள் கடல் முகத்தில் மோதி உடைந்தவை அல்ல. மேலே வழிந்த நீர் நிலப்பக்கத்துச் செங்குத்தான சரிவைக் கரைத்து, முதுகுப்புறமிருந்து சரித்தது. பழைய உயரத்தில், பழைய சரிவோடு அவற்றைத் திரும்பக் கட்டுவது பழைய பிழையைத் திரும்பக் கட்டுவதாகவே இருந்திருக்கும். கரைகள் தாழ்ந்திருக்கின்றன என்று யோஹான் வான் வேன் என்ற அரசுப் பொறியாளர் அந்த இரவுக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்தே எச்சரித்து வந்தார். அவர் சொல்லும் அப்போது அம்பலம் ஏறவில்லை. ‘முதலில் அடையுங்கள், யோசனை பிறகு’ என்று அதட்டுவோர்க்கு ஒன்றைச் சொல்லி இதை நிறுத்திக்கொள்ளலாம்: கரைகளின் உயரத்தையும் கழிமுகங்களின் கதியையும் விசாரிக்க டெல்டா ஆணைக்குழு நியமிக்கப்பட்டது 1953 பிப்ரவரியில், ஔவெர்கெர்க்கின் வாய் மூட அப்போது இன்னும் எட்டு மாதத்துக்கு மேல் இருந்தது.