ஆபீஸ் போனுக்கு யாருங்க பொறுப்பு?

ஆபீஸ்ல ஆணி புடுங்குற மக்களுக்கு இந்தக் கொடுமை தெரியும். நம்ம பொட்டிக்கு ஆன்டிவைரஸ் போடு, பேட்ச் போடு, பாஸ்வேர்டை மாத்துன்னு உயிரை எடுப்பாங்க. பக்கத்துலயே, அதே நெட்வொர்க்ல இருக்கிற ஐ.பி. போனை மட்டும் யாரும் கண்டுக்க மாட்டாங்க. கேட்டா, "அது போன்தானே?" இல்லீங்க, அதுவும் ஒரு பொட்டிதான்.

பழைய போனை ஒட்டுக்கேட்கணும்னா ஆள் நேர்ல வந்து வயர்ல கை வைக்கணும். ஐ.பி. போன்ல குரல் பாக்கெட் பாக்கெட்டா போகுது. என்கிரிப்ஷன் இல்லேன்னா, வயர்ஷார்க் மாதிரி இலவச மென்பொருளை வச்சே அதைப் பிடிச்சு, திரும்ப ஓட்டிக் கேட்டுடலாம். ஸ்விட்ச் இருக்கே, அடுத்தவர் பாக்கெட் எப்படி நம்ம பக்கம் வரும்? "நான்தான் கேட்வே"ன்னு ஏ.ஆர்.பி.யில ஒரு பொய் சொன்னா வந்துடும்.

"நாம பேசறதுல என்னய்யா ரகசியம்?"னு சிலர் கேட்பாங்க. ஆபீஸ் போன்ல பேங்க்கைக் கூப்பிட்டு பின் நம்பர் அழுத்தறீங்களே, அந்த எண்களும் இதே வழியாத்தான் போகுது சாமி.

அடுத்தது காசு மேட்டர். 2006-ல அமெரிக்காவுல எட்வின் பெனான்னு ஒருத்தரைக் கைது பண்ணாங்க. அடுத்தவங்க நெட்வொர்க்குக்குள்ள புகுந்து, 1 கோடி நிமிஷத்துக்கும் மேல இன்டர்நெட் போன் அழைப்புகளை வித்த கேஸ். 2010-ல 10 வருஷம் ஜெயில். பெரிய வித்தைன்னு நினைச்சுடாதீங்க. நிறைய இடத்துல மாத்தாம விட்ட டீஃபால்ட் பாஸ்வேர்டுதான் கதவைத் திறந்து விட்டுதுன்னு கூட்டாளி ராபர்ட் மூரே சொன்னார். இன்னிக்கும் எக்ஸ்டென்ஷன் 1001, பாஸ்வேர்டும் 1001-ன்னு வச்சா இதே கதைதான். சனி, ஞாயிறு ஆபீஸ் காலியா இருக்கும்போது வெளிநாட்டு நம்பருக்கா ஓடும். திங்கட்கிழமை பில்லு பேசும்!

மருந்து புதுசா கண்டுபிடிக்க வேண்டியதில்லை. குரலைப் பூட்டி அனுப்புற எஸ்.ஆர்.டி.பி. 2004-லயே வந்தாச்சு. அதையும் டி.எல்.எஸ்.ஸையும் ஆன் பண்ணுங்க. 5060 போர்ட்டை ஊருக்கே திறந்து வைக்காதீங்க. ஐ.எஸ்.டி. தேவைப்படாத போனுக்கு அதை மூடுங்க. "தனி வி-லான் போட்டாச்சே"ன்னு நிம்மதியாகிடாதீங்க. அது தடுப்புச் சுவர்தான், பூட்டு இல்லை.

என்னைக் கேட்டா, இதெல்லாத்துக்கும் முன்னாடி இன்னொண்ணு வேணும். அட்மின் டிபார்ட்மென்ட் "ஐ.டி.யைக் கேளு"ங்குது, ஐ.டி. "போன் வெண்டரைக் கேளு"ங்குது. இந்த போனுக்குப் பொறுப்பு இன்னார்னு ஒரு பேரை எழுதி வைங்க. பில்லு வர்றதுக்கு முன்னாடி.